எடைக்கு எடை வெல்லம்

ஜனவரி 3, வெள்ளி

சென்னையில் இரண்டு நாள் பயிலரங்கு முடிந்து இன்று காலை சாத்தூர் வந்து சேர்ந்தேன். வாழ்க்கைமுறை மருத்துவம் பற்றியது. மாத்திரை எழுதுவதோடு நிற்காமல், நோயாளி என்ன சாப்பிடுகிறார், எவ்வளவு நடக்கிறார், எப்படித் தூங்குகிறார் என்று கேட்டு அதையும் சேர்த்துச் சரிசெய்யும் வைத்தியம். இருபத்தேழு வருடமாகச் சர்க்கரை நோய் பார்க்கிற எனக்கு இதெல்லாம் தெரியாததில்லை. "சாப்பாட்டைக் குறைங்க, நடங்க" என்று எல்லோரிடமும் சொல்லத்தான் செய்கிறேன். என்ன, அதைச் சொல்லும்போது என் கண் வாசலில் இருக்கும். அடுத்த ஆள் உள்ளே வந்துகொண்டிருப்பார்.

பயிலரங்கில் பேசிய, முருங்கைக்காய் மாதிரி ஒல்லியான அம்மையார் ஒரு விஷயத்தை அழுத்திச் சொன்னார். முதலில் மருத்துவர் மாற வேண்டுமாம். மூன்று மாதம் தன் சாப்பாடு, எடை, ரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுத வேண்டுமாம். அதற்குத்தான் இந்த டைரி.

எடை: 86 (இயந்திரத்தில் ஏறிப் பார்க்கவில்லை. அனுபவத்தில் தெரியும்.)
ரத்தப் பரிசோதனை: நாளை.
சாப்பாடு: இட்லி, அளவுச் சாப்பாடு, இரவு கோதுமை தோசை. பேருந்தில் கொறித்த காராச்சேவு பயணச் செலவில் சேரும். இங்கே சேராது.

ஜனவரி 5, ஞாயிறு

பெயர்ப் பலகை வந்துவிட்டது. 'டாக்டர் தனுஷ்கோடி, வாழ்க்கைமுறை மருத்துவர்'. பச்சை எழுத்து, பக்கத்தில் ஓர் ஆப்பிள். பெயிண்டர் ஆப்பிளைத் தக்காளி மாதிரி வரைந்திருக்கிறார். தக்காளியும் உடம்புக்கு நல்லதுதான் என்று விட்டுவிட்டேன்.

என் மனைவி ரேணுகா இடுப்பில் கைவைத்துப் பலகையைப் பார்த்தாள். பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியை. வீட்டிலும் அந்தப் பதவியை விடுவதில்லை.

"பரீட்சை எழுதறதுக்கு முன்னாடியே மார்க் ஷீட் அடிச்சாச்சா?"

பலகையை மாட்ட ஆணி தேடப் போனேன். ரத்தப் பரிசோதனை: ஞாயிற்றுக்கிழமை லேப் விடுமுறை. லேப் என் கிளினிக்கிலேயேதான் இருக்கிறது, ஆனாலும் விடுமுறை விடுமுறைதான்.

ஜனவரி 6, திங்கள்

வாழ்க்கைமுறை மருத்துவத்தின் முதல் நோயாளி, சோலைமலை மாஸ்டர். பேருந்து நிலையத்துக்கு எதிரே மாலைநேரப் பரோட்டாக் கடை வைத்திருக்கிறார். இடது கால் பெருவிரலில் எண்ணெய் டின் விழுந்து இரண்டு மாதம். புண் ஆறவில்லை, ஓரம் கறுத்திருக்கிறது. சர்க்கரை முந்நூற்றுக்கு மேல். மதுரையில் அறுவை சிகிச்சை நிபுணரிடம் அனுப்பியிருந்தேன். பங்குனிக்குள் ஆறாவிட்டால் விரலை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் பாதத்துக்கு ஏறிவிடும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

"விரல் போச்சுன்னா கல்லு முன்னால எப்படி சார் ஊண்டி நிப்பேன்? கடை போச்சு சார்," என்றார் மாஸ்டர். ஆள் தடி உடம்பு. குரல் மட்டும் சின்னதாகிவிட்டது.

இன்சுலின், புண்ணுக்கு மருந்து எல்லாம் எழுதிவிட்டு, சென்னையில் கேட்ட உரையை ஆரம்பித்தேன். மைதா, எண்ணெய், ராத்திரிச் சாப்பாடு. பரோட்டாவை அடியோடு விட வேண்டும் என்று முடித்தேன். மாஸ்டர் பொறுமையாகக் கேட்டார்.

"சார், ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீகளே?"

"கேளுங்க."

"செவ்வாய், வெள்ளி ஹெல்மெட்டு போட்டுக்கிட்டு நடந்து வந்து, நாலு பரோட்டா, சால்னா தனியா, கட்டிட்டுப் போறது நீங்கதான?"

நான் ரத்த அழுத்தக் கருவியைச் சரிபார்த்தேன். அது சரியாகத்தான் இருந்தது. செவிலி குருவம்மாள் பஞ்சு எடுக்கிற சாக்கில் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

வண்டியில்லாமல் ஹெல்மெட் போட்டு நடக்கிற ஆள் இந்த ஊரில் நான் ஒருவன்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

"நீங்க விடுங்க சார். நானும் விடுறேன்," என்றார் மாஸ்டர். கை நீட்டினார். கொடுத்தேன்.

ஜனவரி 9, வியாழன்

நடப்போர் சங்கத்தில் சேர்ந்தேன். தலைவர் ரத்தினபாண்டியன் அண்ணாச்சி. காராச்சேவுக் கடை முதலாளி. விடிகாலையில் பள்ளி மைதானத்தைச் சுற்றி நடை. அங்கங்கே நின்று அரசியல். நடை முடிந்ததும் எல்லோரும் எதிர்க் கடையில் உளுந்த வடை, பொங்கல், காபி.

"இவ்வளவு நடந்துட்டு வெறும் வயித்தோட போனா மயக்கம் வரும் டாக்டர்," என்றார் அண்ணாச்சி. மருத்துவரிடமே மருத்துவம்.

புதிதாகச் சேர்ந்தவர் வாங்கித்தர வேண்டுமாம். வாங்கித்தந்தேன். வாங்கித்தந்துவிட்டு நான் மட்டும் சாப்பிடாமல் இருந்தால் மரியாதையாக இருக்காது.

ரத்தப் பரிசோதனை: வடை சாப்பிட்டுவிட்டதால் வெறும் வயிறு இல்லை. நாளை.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். இன்று எழுதுவதற்கு ஒன்றுமில்லை.

ஜனவரி 15, புதன்

மாட்டுப் பொங்கல். இன்றும்.

ஜனவரி 22, புதன்

மாஸ்டர் கட்டு மாற்ற வந்தார். புண் அப்படியே இருக்கிறது. முகம் வாடிக் கிடந்தார். வரும் வழியில் ஆற்றங்கரை மாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வந்தாராம். நெற்றி நிறையத் திருநீறு. கட்டு முடிந்தும் எழுந்திருக்கவில்லை.

"சார், நீங்க என்ன எடை இருப்பீக?"

"எண்பத்தாறு."

என்னை மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்த்தார். ஆட்டுச் சந்தையில் கிடா பிடிக்கிறவர்கள் பார்க்கிற பார்வை. விரல் விட்டு ஏதோ கணக்குப் போட்டார். எச்சில் விழுங்கினார்.

"ஏன் கேக்கிறீங்க?"

"சும்மாதான் சார். உடம்பைக் குறைங்க சார். உங்களுக்கு நல்லது."

என் நோயாளி ஒருவர் என் உடல்நலத்தைப் பற்றிக் கவலைப்பட்டது இதுதான் முதல் தடவை. மனசு நெகிழ்ந்துவிட்டது. வாழ்க்கைமுறை மருத்துவம் வேலை செய்கிறது.

பிப்ரவரி 2, ஞாயிறு

மாஸ்டரின் அன்பு அளவு கடந்து போகிறது. காலையில் மைதானத்துக்கே வந்துவிட்டார், புண்ணான காலோடு. திட்டி, மர நிழலில் உட்காரவைத்தேன். அங்கிருந்தபடியே, "சார் நிக்காதீக, நடங்க" என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். வடைக் கடைக்காரரிடம் எனக்குச் சர்க்கரை இல்லாத காபி மட்டும்தான் என்று சொல்லிவைத்துவிட்டார்.

மதியம் அண்ணாச்சி வீட்டுக் கல்யாணம். பந்தியில் என் இலையில் ஜாங்கிரி விழுந்ததும் பக்கத்து இலையிலிருந்து ஒரு கை நீண்டு அதை எடுத்துக்கொண்டு போனது. மாஸ்டர்தான். தானும் சாப்பிடாமல் இலையை மூடி வைத்தார்.

"உங்களுக்காகத்தான் சார்," என்றார்.

இப்படி ஒரு நல்ல மனிதரை நான் பார்த்ததில்லை. ஜாங்கிரி நன்றாக இருந்திருக்கும்.

பிப்ரவரி 11, செவ்வாய்

இதை எழுதலாமா வேண்டாமா என்று தெரியவில்லை. ஒளிக்காமல் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன்.

நேற்று மாலை ஒரு வேலையாகக் கோவில்பட்டி போனேன். வேலை என்னவென்று எழுதத் தேவையில்லை. பரோட்டாக் கடைதான். தெரியாத ஊர், ஹெல்மெட்டும் இல்லை. இரண்டு சாப்பிட்டு மூன்றாவதைப் பிய்த்துச் சால்னாவில் ஊறப்போட்டபோது, கல் முன்னால் நின்ற ஆள் என்னை முறைத்துப் பார்த்துவிட்டுக் கைப்பேசியை எடுத்தார். சோலைமலை மாஸ்டரிடம் தொழில் பழகியவராம். பரோட்டா மாஸ்டர்களுக்குள் இப்படி ஒரு தொடர்பு இருக்கும் என்று யார் கண்டது.

இன்று காலை கிளினிக் திறக்கும் முன்பே மாஸ்டர் வாசலில் உட்கார்ந்திருந்தார். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை.

"நான் தெனமும் கல்லு முன்னாலயே நிக்கிறேன் சார். மணக்க மணக்க அடிக்கிறேன். ஒரு விள்ளல் வாயில வைக்கல. நீங்க சொன்னீகன்னுதான். நீங்களே இப்படின்னா, என் விரலு தங்கும்னு நீங்க நம்பலையா சார்?"

எனக்குக் கூச்சமாக இருந்தது. கூச்சம் என்று எழுதுவது குறைவு. வெட்கம்.

கதவைச் சாத்தினேன். நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "காலையில எந்திரிச்சதுல இருந்து சொல்லுங்க மாஸ்டர். என்ன சாப்பிடுறீங்க, என்ன செய்றீங்க, ஒண்ணு விடாம," என்றேன். இருபத்தேழு வருடத்தில் ஒருவரிடம் இதை இப்படிக் கேட்டதில்லை.

சொன்னார். காலையில் தூக்கம். பகலெல்லாம் டீ, முறுக்கு. சோறு கிடையாது. மாலை ஊசியைக் கடை திறக்கும் அவசரத்தில் பாதி நாள் மறந்துவிடுவார். தரையில் எண்ணெய் வழுக்கும் என்று வெறுங்காலில் நிற்பார். கடை அடைத்ததும் மிஞ்சியதையெல்லாம் வயிற்றுக்குள் போட்டு அப்படியே படுப்பார். பரோட்டாவை விட்ட பிறகு மிஞ்சிய பரோட்டாவுக்குப் பதிலாக மிஞ்சிய சால்னாவை மட்டும் ஒரு சொம்பு குடித்துக்கொண்டிருக்கிறார். நான் பரோட்டா என்றுதான் சொன்னேனாம், சால்னாவைச் சொல்லவில்லையாம்.

எல்லாவற்றையும் மாற்றி எழுதினோம். மதியம் சோறு குறைவு, காய், முட்டை. மாலையில் வீட்டிலேயே ஊசி. கடைக்குப் போகும் முன்பே ராத்திரிச் சாப்பாடு. அடிப்பாகம் வழுக்காத மெத்துச் செருப்பு. உயரமான ஸ்டூல் ஒன்று, உட்கார்ந்து மாவு வீச. வெளியே காத்திருந்தவர்கள் முனகினார்கள். கதவைத் தட்டினார்கள். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இந்தப் புண்ணை வேளையோடு கவனித்திருந்தால் இவ்வளவு பயமே வந்திருக்காது. என் அப்பாவும் இப்படித்தான். கடைசிவரை சர்க்கரையைப் பார்க்கவே இல்லை. பார்த்தால் வந்துவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. ஐம்பத்தெட்டில் போய்விட்டார். எனக்கு வைகாசியில் ஐம்பத்தெட்டு.

இதை எதற்கு இங்கே எழுதினேன் என்று தெரியவில்லை. ரத்தப் பரிசோதனை: நாளை.

மார்ச் 1, சனி

புண்ணில் சிவப்பாகப் புதுச் சதை. சர்க்கரை பாதிக்கும் கீழே வந்துவிட்டது. ஸ்டூலில் உட்கார்ந்து பரோட்டா வீசுவதை வேடிக்கை பார்க்கவே கூட்டம் வருகிறதாம். வியாபாரம் கூடியிருக்கிறது.

கோவில்பட்டிக்குப் பிறகு நானும் ஒழுங்காகத்தான் இருக்கிறேன். பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட வேண்டியிருந்தது. அந்தத் தெம்பில், குருவம்மாள் சாப்பிடப் போன நேரம் பார்த்து எடை இயந்திரத்தில் ஏறினேன். 93. இறங்கித் துடைத்துவிட்டு மறுபடி ஏறினேன். 93. அப்படியென்றால் ஜனவரியில் என்ன இருந்திருப்பேன். இயந்திரம் பழசு. மாற்ற வேண்டும்.

மார்ச் 5, புதன்

இடி விழுந்தது.

குருவம்மாள் ஊசிகளை அடுக்கியபடி சாதாரணமாகக் கேட்டாள்: "மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு நீங்க வேட்டி கட்டுவீங்களா சார், பேன்ட்டா? தராசுல ஏற பேன்ட்டு வசதியா இருக்காது."

"எந்தத் தராசு?"

"தெரியாதா சார்? விரல் தங்குனா டாக்டர் எடைக்கு எடை வெல்லம் போடுறேன்னு மாஸ்டர் அம்மனுக்கு நேந்திருக்காரே. ஊருக்கே தெரியும்."

ஊருக்கே தெரியுமாம். ஜாங்கிரி ஏன் போனது, காபியில் சர்க்கரை ஏன் போனது எல்லாம் ஒரு நொடியில் விளங்கியது. சாயங்காலம் மாஸ்டரைப் பிடித்துக் கேட்டேன். "என் உடம்பு மேல அக்கறைன்னுல்ல நினைச்சேன்?"

"அக்கறைதான் சார்," என்றார். கொஞ்சம் யோசித்து, "வெல்லம் விக்கிற வெலையும் இருக்குல்ல," என்றார்.

கோபமாக இருக்கலாம் என்று பார்த்தேன். சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் அவர் சொன்னதைக் கேட்டு அதுவும் நின்றுவிட்டது. பண்டிகைக்கு முன் விலை ஏறும் என்று வெல்லத்தை இப்போதே வாங்கி மூட்டை கட்டிவிட்டாராம். சரியாக எண்பத்தாறு கிலோ. கணக்குச் சுத்தமாக இருந்தால்தான் அம்மனுக்குப் பிடிக்குமாம். குறைந்தால் தெய்வக் குற்றமாம்.

இன்றே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லப் போனேன். "நல்ல வெல்லமா?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

எடை: 86 (ஆகப்போகிறது).

மார்ச் 16, ஞாயிறு

காலை நடை, மாலை நடை. மைதானத்தில் நான் நிற்காமல் நடப்பதைப் பார்த்து, ஏதாவது கடன்காரன் துரத்துகிறானா என்று அண்ணாச்சி விசாரித்தார். நான் மெலிந்து வருவதைக் கொண்டாட அடுத்த ஞாயிறு சங்கத்தின் சார்பில் பிரியாணி விருந்து வைக்கப்போகிறார்களாம். அன்று ஊரில் இருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

ரேணுகா ஒன்றும் கேட்பதில்லை. பாகற்காய் வைக்கிறாள். கீரை வைக்கிறாள். எதிரில் உட்கார்ந்து பார்க்கிறாள். அதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 29, சனி

மதுரையிலிருந்து மாஸ்டர் வந்தார். நிபுணர் பார்த்துவிட்டு, விரலை எடுக்க வேண்டியதில்லை, புண் மூடிவிட்டது என்று சொல்லிவிட்டார்.

மாஸ்டர் செருப்பைக் கழற்றி, காத்திருந்த எல்லா நோயாளிகளிடமும் வரிசையாக விரலைக் காட்டிக்கொண்டு போனார். ஒரு பெரியவர் தொட்டுப் பார்த்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் உள்ளே போய் முகம் கழுவினேன். கொஞ்ச நேரம் கழுவினேன். வெளியே வந்தபோது, "என்ன சார் கண்ணு செவந்திருக்கு?" என்றாள் குருவம்மாள். சோப்பு என்றேன்.

ஏப்ரல் 5, சனி

89. நாளைக்குத் துலாபாரம். மெல்லிய வேட்டி எடுத்து வைத்திருக்கிறேன். கைக்கடிகாரம் வேண்டாம். மோதிரம் கழலவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

பங்குனிப் பொங்கல். ஆற்றங்கரையில் நிற்க இடமில்லை. நடப்போர் சங்கம் முழுக்க வந்திருந்தது, பொட்டலங்களோடு. தவில், நாகஸ்வரம் வேறு. மாஸ்டர் புது வேட்டியில், மெத்துச் செருப்பை வாசலில் விட மனமில்லாமல் விட்டுவிட்டு வந்தார்.

ஒரு தட்டில் நான் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். மறு தட்டில் பூசாரி வெல்ல உருண்டைகளை அடுக்க ஆரம்பித்தார். ஒரு மூட்டை. அடுத்தது. கூட்டம் குலவை போட்டது. வயிற்றை எக்கிக்கொண்டேன். அதனால் எடை குறையாது என்று மருத்துவம் படித்தவனுக்குத் தெரியும், இருந்தும் எக்கினேன். கடைசி உருண்டையும் ஏறியது. என் தட்டு தரையை விட்டு அசையவில்லை.

தவில் நின்றது.

"கோயில் தராசு பழசு டாக்டர், அதான்," என்றார் அண்ணாச்சி. நல்ல மனிதர். எனக்கு எவ்வளவு பழக்கமான வசனம்.

சரிதான் என்று தலையாட்டியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் மாஸ்டரைப் பார்த்துவிட்டேன். முகம் வெளுத்துப்போய்க் குனிந்து தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா ஏத்துக்கலையா சார்?" என்றார். ஜனவரியில் கேட்ட அதே சின்னக் குரல்.

"தராசு சரியாத்தான் இருக்கு மாஸ்டர்," என்றேன். சத்தமாகவே சொன்னேன். "நான்தான் பொய் சொன்னேன். எண்பத்தாறுன்னு சொன்ன அன்னைக்கே தொண்ணூத்தஞ்சு கிலோவாவது இருந்திருப்பேன். இப்ப எண்பத்தொன்பது. குத்தம் என்னோடது. உங்க விரலுக்கு ஒண்ணும் ஆகாது."

பூசாரி தராசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்புறம் பின்னாலிருந்து ஒருவர், "ஆறு கிலோ குறைச்சிருக்காருய்யா," என்றார். சங்கத்துக்காரர்கள் கைதட்டினார்கள். அண்ணாச்சி தன் கையிலிருந்த காராச்சேவுப் பொட்டலங்களை வெல்லத்தின் மேல் வைக்கப் போனார். அம்மனுக்குக் காரம் ஆகாது என்று பூசாரி தடுத்தார். இருவரும் வாதாடிக்கொண்டிருந்தபோது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ரேணுகா வந்தாள், மஞ்சள் பையோடு. பையைத் திறந்து வெல்ல உருண்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டில் வைத்தாள். மூன்று கிலோ ஆனதும் என் தட்டு மெல்ல மேலே எழுந்தது.

"உனக்கெப்படித் தெரியும்?" என்றேன், அந்தரத்தில் ஆடியபடி.

"முப்பது வருஷமா உங்க சட்டையைத் தைக்கக் குடுக்கிறவ நான்." தட்டின் சங்கிலியைப் பிடித்து ஆடாமல் நிறுத்தினாள். குரலைத் தாழ்த்தி, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்: "வெல்லம் நான் கொண்டுவர முடியும். ரத்தம் நீங்கதான் குடுக்கணும்."

கண் கலங்கியிருந்தது அவளுக்கு. பள்ளியில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். நானே எப்போதாவதுதான் பார்த்திருக்கிறேன்.

சாப்பாடு: பிரசாதமாகச் சர்க்கரைப் பொங்கல். மாஸ்டர் தன் கையால் கொடுத்தார், ஒரு சிட்டிகை. இன்னொரு சிட்டிகை கேட்டேன். கொடுக்கவில்லை.

ஏப்ரல் 7, திங்கள்

வெறும் வயிற்றில் குருவம்மாள் ரத்தம் எடுத்தாள். ஊசி போகும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ரேணுகா பள்ளிக்கு அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

சர்க்கரை: 178.

அடைப்புக்குறிக்குள் எழுத ஒன்றுமில்லை.

சாயங்காலம் மாஸ்டர் கட்டில்லாத காலோடு சும்மா பார்க்க வந்தார். என் முகத்தைப் பார்த்து என்னவென்று கேட்டார். சீட்டை நீட்டினேன். படித்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"காலையில எந்திரிச்சதுல இருந்து சொல்லுங்க சார்," என்றார். "ஒண்ணு விடாம."

வெளியே ஆட்கள் முனகினார்கள். இருக்கட்டும். நான் காராச்சேவிலிருந்து ஆரம்பித்தேன்.